வளவும் முற்றமும்

ஒரு நாட்டு மக்களின் வீடுகளை ஆராய்வோர் கூரை, சுவர், தூண், கதவு என்பவற்றையே பெரும்பாலும் நோக்குவர். கூரையில்லாத இடம் அவர்களுக்குக் கட்டியது போக எஞ்சிய வெறுநிலம். யாழ்ப்பாணத்து மனையின் வரலாற்றை அவ்வாறு எழுதப் புகுந்தால் அதன் பெரும்பகுதி எழுதப்படாமலே போய்விடும். அங்கே நெல்லை உலர்த்தியதும், பனங்கிழங்கைக் காயவிட்டதும், தைப்பொங்கல் பொங்கியதும், மணப்பந்தரிட்டதும், இறந்தாரை இறுதியாக வழியனுப்பியதும் திறந்த வெளியிலேயே நிகழ்ந்தன. பிள்ளைகள் நிலவொளியில் பாட்டியிடம் கதை கேட்டதும் அவ்வெளியிலேதான். அது தானாக வாய்த்த இடமன்று. முன்னதாகவே வகுத்து ஒதுக்கப்பட்டு, நாள்தோறும் பேணப்பட்டு, காலத்துக்கேற்ப அழகு செய்யப்பட்ட இடம் அது. முதலில் முற்றத்தை வகுத்து, அதைச் சுற்றியே வீட்டை எழுப்பினர் எனலாம்.

இவ்வுண்மையைச் சொல்வழக்கே காட்டும். யாழ்ப்பாணத்தில் ‘வளவு’ என்பது வீடு, கிணறு, மரங்கள், முற்றம், வேலி ஆகிய யாவும் அடங்கிய குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும். வளைத்து அடைக்கப்பட்ட நிலம் என்னும் கருத்து அச்சொல்லிலே தொனிக்கின்றது. வீடு வளவின் ஓர் உறுப்பு. கிணறும் ஓர் உறுப்பு. வேலியோரத்து முருங்கையும் ஓர் உறுப்பே. ஒருவருடைய இருப்பிடத்தைச் சுட்டுங்கால், ‘புளியடி வளவு’, ‘பலாவடி வளவு’ என்றாற்போல மரத்தின் பெயரால் அடையாளங் கூறும் வழக்கமும் இருந்தது. வீடு இடிந்து புதுப்பிக்கப்படலாம்; வளவின் பெயரோ தலைமுறைகள் கடந்து நிற்கும்.

திறந்தவெளியை வகுத்து அழகு செய்யும் எண்ணம் தமிழரிடையே பழமையானது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனையமைக்கும் நூலறி புலவர் கோல் நாட்டி, அதன் நிழலால் திசை அறிந்து, பின்னரே மனையை வகுத்த செய்தி கூறப்படுகின்றது. அவ்வரண்மனை முற்றத்தில் வேறிடத்திலிருந்து கொணர்ந்த மணல் பரப்பப்பட்டிருந்தது என்பதும் அப்பாட்டால் தெரியவருகின்றது. பிற்காலத்து மயமதம் முதலிய சிற்பநூல்கள் மனைநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, நடுவிடத்தைப் பிரமனுக்கு உரியதென வகுத்தன. அந்நடுவிடத்தை மூடாது விடுதல் பல நாடுகளில் மரபாயிற்று. மலையாள நாட்டின் நாலுகெட்டும், செட்டிநாட்டின் வளவுகளும், சிங்கள மக்கள் ‘மெத மிதுல’ என வழங்கும் நடுமுற்றமும் இம்மரபின் கிளைகளே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இவ்வினத்தைச் சேர்ந்தது.

ஆயினும் நூல்விதியினும் நிலவிதி வலியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றேனும் இல்லை; வழுக்கியாறும் மாரிக்காலத்திலே மட்டும் நீர்கொள்ளும். மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்துவிடும். பின்னர் நீண்ட வெயிற்காலம்; அதிலே சோழகக் காற்றுப் புழுதியை வாரி வீசும். இத்தகைய நாட்டில் நாற்புறமும் மூடிய அறை பகலில் அடுப்புப்போலாகும். காற்று வரவேண்டும், ஆனாற் புழுதி வரலாகாது; வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயிலின் வெம்மை ஆகாது; மழைநீர் வீட்டினுட் புகலாகாது, ஆயினும் அது நிலத்தினுட் சென்று கிணற்றை நிரப்பவேண்டும். இத்தேவைகள் யாவற்றுக்கும் ஒருங்கே விடையாக அமைந்ததே வளவின் ஒழுங்கு.

அவ்வொழுங்கை ஒழுங்கையிலிருந்து உள்ளே செல்வார் முறையில் நோக்கலாம். முதலில் எதிர்ப்படுவது வேலி. பனையோலையாலோ தென்னங் கிடுகாலோ ஆளுயரத்திற்கு மேல் அடைக்கப்பட்ட அவ்வேலிக்குக் கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களே தூண்கள். சீமைக்கிளுவை பின்னாளில் வந்து சேர்ந்தது. கதியால்கள் உயிருள்ளவை, தளிர்த்து நிழல் தரும், அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் பயன்படும். ஓலை பழுதுற்றதும் வேலியைப் பிரித்துப் புதிதாக அடைப்பர். கழித்த பழைய ஓலை வயலிலும் தோட்டத்திலும் புதைக்கப்பட்டு மண்ணுக்கு உரமாகும். காற்றைச் சல்லடைபோல வடித்து உள்ளே விடும் இவ்வேலியில், அயலார் வந்துபோக ஒரு ‘பொட்டு’ விடப்பட்டிருத்தலும் உண்டு. நெருப்புக்கும் உப்புக்கும் அவசரச் செய்திக்கும் அப்பொட்டே வழி. வேலி மறைப்பதற்கு உரியது. ஆயினும் முற்றாகப் பிரிப்பதற்கு உரியதன்று என்பதை அச்சிறு இடைவெளி காட்டியது.

வேலியின் வாயிலிலே படலை. வசதியுள்ளார் அதன்மேற் சிறு கூரை வேய்ந்து, இருமருங்கும் திண்ணையமைத்துச் சங்கடப்படலையாகச் செய்தனர். வழிச்செல்வோர் மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்கு இளைப்பாறவும் அங்கே இடமிருந்தது; குடிநீர்ப் பானை வைத்த மனைகளும் பல. தனியார் நிலத்தின் முதற்பகுதியைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்த இவ்வழக்கம் நோக்கத்தக்கது. மனைக்கு அழகு செய்வோர் முதலில் தம்மை நோக்காது தெருவை நோக்கினர்.

படலை கடந்தால் வெளிமுற்றம். சாதாரண மக்களின் வளவில் பல சிறு கட்டடங்கள் தனித்தனியே இம்முற்றத்தைச் சூழ்ந்திருந்தன. படுக்கவும் பொருள் வைக்கவும் மண்சுவர் வீடு ஒன்று, சமைக்க அடுக்களை ஒன்று, வந்தாரை வரவேற்கத் திறந்த ‘மால்’ ஒன்று, மாட்டுக்கொட்டில் வேறொன்று. ஓலைக்கூரையில் நெருப்புப் பற்றினும் ஏனையவை பிழைக்க இவ்விடைவெளி உதவிற்று. இக்கட்டடங்களை ஒன்றாக இணைத்ததோ முற்றமே. அடுக்களையிலிருந்து மாலுக்கும், மாலிலிருந்து கிணற்றடிக்கும் அதைக் கடந்தே செல்லவேண்டும். அது அவ்வீட்டின் நடுக்கூடம். வானமே அதன் கூரை.

செல்வர் இவ்வமைப்பையே கல்லாலும் சுண்ணாம்பாலும் ஓட்டாலும் கட்டியபொழுது நாற்சார் வீடு தோன்றியது. தனித்தனியே நின்ற பகுதிகள் நான்கு சார்களாகி ஒன்றோடொன்று கூட, முற்றம் நடுவிலே உள்முற்றமாயிற்று. நாற்புறத்துக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்தமையால் மாரிநீர் முற்றத்தில் விழும். கிடாரம் வைத்து அதை ஏந்துவதும் உண்டு. எஞ்சியது சிறு கால்வாயால் வெளியேறி மரத்தடியைச் சேரும். வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தாழ்வாரத்தின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அசையும். வெளியார் பார்வை படாது காற்றும் வெளிச்சமும் பெறப் பெண்களுக்கு அவ்வுள்முற்றமே இடமளித்தது. அவர்களுடைய உலகம் சுருங்கியிருந்த காலத்தில் அச்சதுர வானம் சிறு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அச்சுருக்கத்திற்கும் அதே சுவர்கள்தாம் காரணமாயிருந்தன என்பதையும் மறத்தலாகாது.

வீட்டின் ஒருபுறம் கிணற்றடி. துலாவால் அள்ளிய நீர் குளிக்கவும் துவைக்கவும் பயன்பட்டபின் வீணாகாது வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் செல்லும். அதன் அருகே தேசி, மாதுளை, கறிவேப்பிலை. சற்று அப்பால் முருங்கை, பலா, கறுத்தக்கொழும்பான் மா. வாயிற்புறத்தில் நிழலுக்கு வேம்பு. பூசைக்குரிய செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மல்லிகையும் முன்புறத்தில் இடம்பெற்றன. மரங்களை நடுங்கால் கண்ணுக்கு இனிமை மட்டும் கருதப்படவில்லை. எம்மரத்தின் வேர் சுவரைப் பிளக்கும், எதன் சருகு கிணற்றில் விழும், எதன் நிழல் எப்பொழுது எங்கே படும் என்பன பற்றிய அறிவு பெரியோரிடம் இருந்தது.

இனி முற்றத்தை அழகு செய்த முறையை நோக்குக. அதற்குப் பொருட்செலவு குறைவு, உழைப்பே மிகுதி. விடியுமுன் ஈர்க்குமாற்றால் வரிவரியாகக் கூட்டுவர். சாணநீர் தெளிப்பர் அல்லது மெழுகுவர். வெள்ளிக்கிழமையிலும் விழாநாளிலும் கோலமிடுவர். ஆண்டுதோறும் வெண்மணல் பரப்புவாரும் உளர். வெண்மணல் நிலவை ஏந்தி இரவிலும் முற்றத்தை விளங்கச் செய்யும். பாம்பு ஊர்ந்தால் தடம் காட்டும். மழைநீரைத் தேங்கவிடாது உறிஞ்சும். தைப்பொங்கலன்று மெழுகிய முற்றத்தில் உலக்கையை வைத்து, அதன் ஓரமாக அரிசிமா தூவிச் சதுரமிட்டு, அதனுள்ளே அடுப்பு மூட்டுவர். அரைக்கும் பொருளும் இடிக்கும் கருவியுமே அங்கே அலங்காரப் பொருள்களாயின. மணநாளில் பந்தலும், தோரணமும், குலைவாழையும் முற்றத்தை மண்டபமாக்கும். விழா முடிந்ததும் அவை நீங்க, முற்றம் மீண்டும் வெறுமையாகும். அவ்வெறுமையே அதன் சிறப்பு. எதற்கும் இடங்கொடுக்கும்படி அது காலியாக வைக்கப்பட்டிருந்தது.

இவ்வழகைப் போற்றுவோர் ஒன்றை மறைத்தல் வரலாற்று நேர்மையன்று. இம்முற்றத்தில் யாவரும் ஒப்ப நடத்தப்படவில்லை. இன்னார் படலையோடு நிற்கவேண்டும், இன்னார் முற்றம் வரை வரலாம், இன்னார் திண்ணையில் அமரலாம் என்று சாதி வரம்பிட்டது. வேலி அடைத்தவரும், பந்தலிட்டவரும், மணல் சுமந்தவரும் தாம் செப்பஞ் செய்த முற்றத்திலே சமமாக இருக்க இயலாதிருந்தது. தாகத்திற்கும் கிணற்றைத் தொடாது கையேந்தியே நீர் பெற்றனர். பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலை 1957ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கிற்று. வீட்டு முற்றத்துக்குட் சட்டம் புகவில்லை. அங்கே மனிதரின் மனமே மாறவேண்டியிருந்தது. பழைய முற்றத்தை மீட்க விரும்புவோர் அதன் மணலையும் நிழலையும் மீட்கலாம். அதன் வரம்புகளை மீட்டல் ஆகாது.

அந்நியர் ஆட்சி வந்தபொழுது வீடு மாறத் தொடங்கிற்று. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இல் அவர்களை வெளியேற்றினர். இக்காலத்திற் புகுந்த சொற்கள் ஒரு சுவையான செய்தியைக் கூறுகின்றன. யன்னல், அலுமாரி, கதிரை, குசினி ஆகியன போர்த்துக்கேயம் தந்த சொற்கள். அவை யாவும் கூரையின் கீழ் உள்ளவை. வெளியே உள்ள முற்றம், வேலி, படலை, கிணறு, வளவு என்பன தமிழாகவே நின்றன. விறாந்தை மட்டும் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வந்து அமர்ந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், அயற்காணியின் மேற் சாயும் மரங்களின் பயன் யாருக்கு உரியது என்பது போன்ற செய்திகளும் இடம்பெற்றன. வேலியும் மரமும் அக்காலத்து வழக்குகளில் எத்துணை முதன்மை பெற்றன என்பது இதனாற் புலனாகும். பிற்காலத்திலும் ‘எல்லைக் கதியால்’ பற்றிய பிணக்குகள் நீதிமன்றங்களை நிறைத்தன.

விறாந்தையின் வருகை சிறிய மாற்றம்போலத் தோன்றினும் வீட்டின் நோக்கையே திருப்பிற்று. ஒல்லாந்தரின் நகர வீடுகளில் தெருவோரம் தூண்வரிசையுள்ள விறாந்தையும், பின்புறத்தில் முற்றமும் கிணறும் அமைந்தன. கொழும்புப் புறக்கோட்டையில், 1692 முதல் 1697 வரை ஆளுநராயிருந்த தோமஸ் வான் றீயின் இல்லமாகக் கருதப்பட்டு, 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட கட்டடத்தில் இவ்வமைப்பைக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் பங்களாவும் அதைச் சூழ்ந்த புற்றரையும் மதிப்பின் அடையாளமாயின. முன்பு வீடு முற்றத்தைச் சூழ்ந்திருந்தது. இப்பொழுது முற்றம் வீட்டைச் சூழ்ந்தது. குரோட்டன் சாடிகள் விறாந்தைப் படியில் வரிசையாயின. தென்னமெரிக்கப் போகன்விலா வாயிலில் ஏறியது. அவற்றிலும் அழகு உண்டு. ஆயினும் முன்புறம் காட்சிக்கு உரியதாகவும், வேலைகள் யாவும் பின்புறத்துக்குத் தள்ளப்பட்டனவாகவும் ஆயின. பின்னர் சீமெந்து வந்தது. ஓலைவேலி மதிலாயிற்று, பொட்டு அடைபட்டது, சங்கடப்படலை இரும்புக் கதவாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின்னர் இலங்கையின் கட்டடக் கலைஞர் சிலர் இழந்ததை மீண்டும் நோக்கினர். கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா (1918–1998) கீழைநாட்டு வீட்டின் முற்றத்தையும் கைவினையையும் புதுக் கட்டடங்களோடு இணைத்தார். ஜெஃப்ரி பாவா (1919–2003), ஓவியத்துணிக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்காக 1960 முதல் 1962 வரையில் கொழும்பு அல்பிரட் பிளேசில் அமைத்த வீடு பெரும்புகழ் பெற்றது. சிறிய நகரக் காணியின் நடுவே பெரிய முற்றத்தை வகுத்து, அறைகள் யாவற்றையும் அதனை நோக்கி அமைத்தார். ஓடும் மரமும் கல்லுமாகிய உள்நாட்டுப் பொருள்களையே பெரிதும் கையாண்டார். புதுமையென்று போற்றப்பட்ட அவ்வீட்டினுள் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டியார் நுழைந்திருப்பாராயின், அதன் ஒழுங்கை எவரும் விளக்காமலே உணர்ந்திருப்பார். அவ்வீடு 2009ஆம் ஆண்டளவில் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் கட்டப்பட்டது.

கொழும்பிலே ஒரு வீட்டைக் கல் கல்லாகக் காத்துப் பெயர்க்க முடிந்தது. வடக்கின் வீடுகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. போர்க்காலத்தில் முற்றங்களிலே பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன. அவற்றை மூடப் பனைகள் தறிக்கப்பட்டன. பொங்கற் சதுரமிட்ட அதே நிலத்தில் பிள்ளைகள் குண்டுக்கு அஞ்சி ஒளிந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தம் மனைகளினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு ஒரேயடியாக இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயங்களிற் பல ஊர்கள் ஆண்டுக்கணக்காக ஆளற்றுக் கிடந்தன. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திரும்பியோரிற் பலர் சுவரையோ கூரையையோ காணவில்லை. காடு மூடிய நிலத்திலே கிணற்றின் கட்டையும், ஒரு வேம்பையும், ஒரு மாவையும் கொண்டே தம் வளவை அடையாளங் கண்டனர். வீடு போயினும் வளவு நிற்கும் என்ற பழைய உண்மை துயரத்தின் வழியாக மெய்ப்பிக்கப்பட்டது.

அதன்பின் எழுந்தவை புதிய வீடுகள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. தாயும் தந்தையும் பிள்ளைகளும் முதியோரும் வாழ அது சிறிது. எனவே வெளியிடம் முன்னையினும் இன்றியமையாததாகின்றது. ஒரு பக்கத்தில் இறக்கிய ஓலைப் பத்தி, அதனருகே ஒரு வேம்பு, மெழுகிய அல்லது மணலிட்ட முற்றம், கிணற்றடி நீர் செல்லும் வாழைப்பாத்தி ஆகியன இருப்பின் அச்சிறு வீடு இருமடங்காக விரியும். ஆனால் வசதி சேர்ந்ததும் பலர் முதலிற் செய்வது மதில் கட்டுதலும், முற்றம் முழுவதையும் சீமெந்தால் அல்லது பதிகல்லால் மூடுதலுமே. கூட்டுவது எளிது, சேறு படாது என்பது உண்மை. எனினும் குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கியிருப்பது. மழையன்றி அதனை நிரப்ப வேறு வழியில்லை. மூடிய முற்றத்தில் விழும் மழை ஒழுங்கைக்கு ஓடி, வெள்ளமாகிக் கடலைச் சேரும். ஒரு முற்றம் மூடப்படுதல் சிறு செயல். ஓர் ஊர் முழுதும் முற்றங்களை மூடுதல் தன் கிணறுகளைத் தானே வற்றச்செய்தலாகும். வெண்மணலுக்காகக் கடற்கரை மணற்றிடர்களை அளவின்றி அகழ்தலும் அவ்வாறே தீங்காகும். உள்ளூர் மண்ணும் சாணமும் சருகும் கொண்டு செய்யத்தக்கது மிகுதி.

ஆதலின், மனை கோலுவார் பழைய முறையிலிருந்து கொள்ளத்தக்கவை சில உள. வீட்டின் வரைபடத்துக்கு முன்னரே திறந்தவெளியை நிலத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும். சோழகமும் வாடையும் வருந்திசையையும், பிற்பகல் நிழல் விழும் இடத்தையும் சிலநாள் நின்று நோக்கவேண்டும். நிற்கும் மரத்தை வெட்டுமுன், வீட்டைச் சற்று விலக்க முடியுமா என எண்ணவேண்டும். மழைநீர் தன் வளவிலேயே நிலத்துட் புக வழி விடவேண்டும். அலங்காரத்திற்கென ஒரு பொருளை வாங்குமுன், அது இருக்கும் இடத்தில் யார் அமர்வர், யார் விளையாடுவர் எனக் கேட்கவேண்டும். மதில் எழுப்புவாரும் அயலாருக்கு ஒரு சிறு வழி வைத்தல் நன்று. முன்னோர் வேலியில் விட்ட பொட்டு சாதி வரம்பைக் கடக்கவில்லை; இனி விடப்படுவது அதனையும் கடத்தல் வேண்டும். முற்றம் கூட்டப்பட்டு, காலியாக, வருவோர் யாவருக்கும் இடமளிப்பதாக இருக்குமாயின், அதனினும் சிறந்த அலங்காரம் ஒரு மனைக்கு வேண்டுவதில்லை.